புகை மௌத்தான வீடு

கிட்ட வாருங்கள், செல்லங்களே. இன்னும் கொஞ்சம். மழைச் சத்தத்துக்குள்ளே என் குரல் உங்களிடம் முழுதாக வந்து சேர வேண்டும். பதினொரு வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆனால் ஒரு நாள்கூட விடாமல் பேசிக்கொண்டிருந்த இரண்டு சகோதரிகளின் கதையைச் சொல்லப்போகிறேன். அது எப்படி என்று இப்போதே கேட்காதீர்கள். கதை தானே சொல்லும்.

கண்டிக்குப் பக்கத்தில், அலவத்துகொடவில் பெரிய ரோட்டை விட்டு மேலே ஏறினால் மிளகுத் தோட்டங்கள் வரும். அதற்குள்ளே நடந்துகொண்டே போனால், ஓரிடத்தில் மலை சட்டென்று நின்று கீழே குனிந்து பார்க்கும். கீழே ஓர் ஓடை. ஓடைக்கு மேலே ஒற்றை ஆள் மட்டும் நடக்கக்கூடிய ஒரு பாலம். அதற்கப்பால் எதிர் மலை. இந்த மலையின் விளிம்பில் இருப்பது பாயிஸாவின் வீடு. எதிர் மலையில் பலா மரங்களுக்கு நடுவே இருப்பது அவளுடைய மூத்த சகோதரி மஸீனாவின் வீடு. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆகையால் கதையில் தாத்தா என்று வந்தால் தாடி வைத்த கிழவரைத் தேடாதீர்கள். அது மஸீனாதான்.

கூப்பிட்டால் கேட்காத தூரம். பார்த்தால் தெரிகிற தூரம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய உம்மா பாயிஸாவின் வீட்டில் மௌத்தானார்; அங்கேயே உயிர் பிரிந்தது. அன்றைக்கு மஸீனா புத்தளத்தில், புருஷன் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் இருந்தாள். தகவல் கிடைத்ததும் பஸ் ஏறினாள். பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றது. இங்கே பாயிஸாவின் புருஷன் ஹபீலும் மற்ற ஆண்களும் கூடிப் பேசினார்கள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்று பின்னேரத்து அஸர் தொழுகையோடு அடக்கிவிட்டார்கள். மஸீனா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்குள் வரவில்லை. படியிலேயே நின்று தங்கச்சியைப் பார்த்தாள்.

"நீ ஒரு சொல்லுச் சொல்லீந்தா ஹபீல் மச்சான் காத்துக்கொண்டு ஈந்திருப்பாரு. நீ சொல்லல்ல. இனி நான் இந்தப் படி ஏறினா, இந்த ஊட்டு மௌத்துக்குத்தான் ஏறுவேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாலத்தைக் கடந்து போனவள்தான். கல்யாண வீடுகளில் கண்டால் முகத்தைத் திருப்பினாள். பாயிஸாவும் ரோஷக்காரிதான். அவளும் போகவில்லை.

ஆனால் செல்லங்களே, முகத்தைத் திருப்பலாம், கூரையைத் திருப்ப முடியுமா?

பாயிஸா விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் குசினிக் கதவைத் திறப்பாள். எதிர் மலையில், பலா மரங்களின் தலைக்கு மேலே, தாத்தாவின் புகை எழும்பும். முதலில் ஒரு நூல். பிறகு ஒரு சால்வை. காற்றில்லாத நாளில் நேராக எழுந்து யோசித்துக்கொண்டு நிற்கும். காற்றுள்ள நாளில் ஓடைப் பக்கமாகச் சரிந்து, பாலம் வரைக்கும் வந்து, கடக்காமல் கலைந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் பாயிஸா தன் அடுப்பை மூட்டுவாள். புகை கொஞ்சம் பிந்தினால் தாத்தாவுக்கு முழங்கால் நோகிறது. அறுந்து அறுந்து வந்தால் மகள் ரிப்கா அடுப்பை மூட்டுகிறாள், தாத்தா படுத்துவிட்டாள். அப்படி ஒரு நாள் கஞ்சி காய்ச்சி, யாருடைய கஞ்சி என்று சொல்ல வேண்டாமென்று சொல்லி, அந்தப் பக்கம் போன ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாள். ரிப்காவின் கல்யாணத்தன்று மூன்று புகைகள் எழும்பின. அழைப்பு வரவில்லை. பாயிஸா பின்வாசலில் நின்று மூன்று புகைக்கும் சேர்த்துத் துஆக் கேட்டாள்.

தன் புகையும் ஒரு சொல்தான் என்று அவள் நம்பினாள். வெள்ளிக்கிழமை காலையில் நெய்ச்சோறு ஆக்குவாள். அன்றைக்குப் புகை நன்றாகத் தெரிய வேண்டுமென்று அடுப்பில் இரண்டு பச்சைக் கறுவாப்பட்டைக் குச்சியைச் சேர்ப்பாள். கொழுத்த வெள்ளைப் புகை கூரைக்கு மேலே சோம்பல் முறித்துக்கொண்டு எழும்பும். நான் இருக்கிறேன் தாத்தா என்று அதற்கு அர்த்தம். ஆனால் அந்தப் பக்கம் யாராவது அதைப் படிக்கிறார்களா? அது அவளுக்குத் தெரியாது. பதினொரு வருஷமாகத் தெரியாது.

அவளுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். தன்னுடைய புகை ஒரு பெண்ணாகி, வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு, பள்ளத்தாக்கின் மேலே காற்றிலே நடந்து போகும். பாலத்துக்கு நேரே போனதும் நின்றுவிடும். அங்கே எதிர்ப்புறத்திலிருந்து இன்னொரு வெள்ளை முக்காடு வர வேண்டும். வருவதற்குள் விழித்துவிடுவாள்.

புகையும் சும்மா இருக்கவில்லை. கூரைக்கு மேலே போனது பாதி, பாயிஸாவின் நெஞ்சுக்குள் போனது பாதி. இழுப்பு வந்துவிட்டது. ஹபீல் அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், "அம்மா, நீங்க சிகரெட் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

பாயிஸாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஹபீல்தான் பதில் சொன்னான்.

"அவ குடிக்கல்ல டொக்டர். எங்கட குசினிதான் குடிக்கிது. முப்பது வருஷமா."

"அப்ப குசினியை விடச் சொல்லுங்கோ," என்றார் டொக்டர் சிரிக்காமல். "இப்பிடியே போனால் இன்னும் ரெண்டு மழைக்காலம் தாங்காது."

அது காஸ் சிலிண்டருக்காக ஊரே வரிசையில் நின்ற வருஷம். கரண்ட் பகலிலும் பல மணி நேரம் போய்விடும். டவுனில் காஸ் அடுப்பில் சமைத்தவர்கள்கூட விறகுக்குத் திரும்பியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நிரஞ்சனி வந்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். விறகைக் குறைவாகத் தின்று புகையைக் குறைவாகத் துப்பும் மண் அடுப்புகளை ஊர் ஊராகப் போய் வைத்துக் கொடுக்கும் ஒரு பெண்கள் சங்கத்தில் வேலை செய்தாள். ஹபீல் அவளைக் கதிரை போட்டு உட்கார வைத்தான். பாயிஸா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"பொகயில்லாமச் சமச்சா கருவாடு மணக்குமா புள்ள?"

"மணக்கும்க்கா. எங்க லயத்துல நான் கருவாடு பொரிச்சா நாலு காம்பரா தள்ளி இருக்கவங்க தட்டோட வர்றாங்க."

"அடுப்புக்கு மேல கறிப்புளிக்குக் கொறக்காய் காயப்போட்டு ஈக்கேன். பொக இல்லாட்டி அது எப்பிடிக் காயும்?"

"வெயில்ல போடுங்க."

"கண்டி வெயில நம்பியா? நல்லாச் சொன்னீங்க."

ஹபீல் குறுக்கிட்டான். "மழயயும் நம்ப ஏலாது, வெயிலயும் நம்ப ஏலாது. போன வருஷம் மொளகு பூத்த நேரம் மழ வரல்ல. மழ வந்த நேரம் பூ இல்ல. வாப்பாட காலத்துல மழ நாள் தப்பி வந்தத நான் காணல்ல."

"அதுக்குந்தான் இந்த அடுப்பு," என்றாள் நிரஞ்சனி. "வெறகு பாதி போதும். அப்ப பாதி மரம் நிக்கும். பொகையும் மேல போயி வானத்தச் சூடாக்கிக்கிட்டு நிக்காது. ஒரு அடுப்பால என்னா ஆகும்னு கேக்காதீங்க. எத்தன மலையில எத்தன கூரை பொகையுதுன்னு பாருங்க."

அவள் சொன்னதும் பாயிஸாவின் கண் பின்வாசலுக்குப் போனது. எத்தனை மலை, எத்தனை கூரை. அவளுக்கு ஒரு மலை, ஒரு கூரை.

"எனக்கு வேணாம் புள்ள," என்றாள்.

நிரஞ்சனி அவள் பார்த்த திசையைத் தானும் பார்த்தாள். அங்கே பலா மரங்களும் அவற்றின் மேலே கொஞ்சம் புகையும் தவிர ஒன்றுமில்லை. அவளுக்கு விளங்கவில்லை. டெலிபோன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு கிழமை கழித்து, ஈர விறகு புகைந்த ஒரு காலையில், பாயிஸா அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். மூச்சு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. ஹபீல் அவளைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோய், மருந்துக் குழாயை வாயில் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். மூச்சு திரும்பி வந்ததும் அவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை. மிளகுச் சாக்குகளோடு மல்லுக்கட்டுகிற அந்த மனிதன் அழுதுகொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "நீ யாருக்குப் பொக போடுற என்டு இவ்வளவு நாளும் எனக்குத் தெரியும். நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா பாயிஸா, தாத்தாக்கு ஒன்ட பொக வேணுமோ தெரியா. எனக்கு ஒன்ட மூச்சு வேணும்."

பாயிஸா டெலிபோன் நம்பர் எழுதிய கடதாசியைத் தேடி எடுத்தாள். நிரஞ்சனிக்குப் போன் போட்டார்கள்.

திங்கட்கிழமை பழைய அடுப்பு உடைந்தது. சுட்ட மண்ணில் செய்த இரண்டு வாய் அடுப்பை அந்த இடத்தில் இருத்தி, களிமண்ணும் மணலும் வைக்கோலும் குழைத்துச் சுற்றிலும் பூசினாள் நிரஞ்சனி. ஒரு வாயில் நெருப்பு; அது உள்ளே ஓடுகிற ஒரு வழியாக இரண்டாவது வாய்க்கும் சூடு போகும். பூச்சுக் காயும் மூன்று நாளும் பாயிஸா வெளியே கொட்டிலில் கல் வைத்துச் சமைத்தாள், ஹபீலை விறகூதவிட்டுத் தள்ளி நின்றுகொண்டு. அந்த மூன்று நாளும் புகையை மிச்சம் வைத்துச் செலவழிக்கிறவள் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை புது அடுப்பு. நிரஞ்சனி தராசைக் கொண்டுவந்து விறகை நிறுத்தாள். மிளகுக்கொடிக்கு நட்ட கிளிரிசீடியாவின் காய்ந்த கிளைகள், விரல் தடிப்புக்குப் பிளந்தவை. பாயிஸா பிஸ்மி சொல்லி மூட்டினாள். நெருப்பு சத்தமில்லாமல் உள்ளே போனது. முன்வாயில் சோறு கொதித்தது. பின்வாயில் பருப்பு முணுமுணுத்தது. பழைய கணக்கில் பாதி விறகு தராசுத் தட்டிலேயே மிஞ்சிக் கிடந்தது. பாயிஸா வியர்வையைத் துடைத்தாள். கண்ணில் நீர் இல்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அழாமல் சோறாக்கியிருக்கிறாள்.

ஹபீலும் நிரஞ்சனியும் உள்ளே மெச்சிக்கொண்டிருக்க, அவள் முற்றத்துக்குப் போய்த் தன் கூரையைப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. ஓடு, அதற்கு மேலே மூடுபனி. அவ்வளவுதான். யாரோ தன் வாயைப் பொத்தினாற்போல இருந்தது அவளுக்கு.

நிரஞ்சனி போன பிறகு, கொட்டிலுக்குப் பின்னால் தேங்காய் மட்டைகளைக் குவித்து ஈரச் சருகைப் போட்டுப் பற்ற வைத்தாள். ஹபீல் எட்டிப் பார்த்தான்.

"என்னத்துக்கு?"

"நொளம்பு," என்றாள், கொசுவின் மேல் பழியைப் போட்டு.

"பகல் பத்து மணிக்கா?"

அவள் பதில் சொல்லப் போனாள். இருமல் முந்திக்கொண்டது. ஹபீல் ஒரு வாளித் தண்ணீரை மட்டைகளின் மேல் ஊற்றினான். எழுந்த கொஞ்சப் புகையையும் மூடுபனி வாங்கித் தனக்குள்ளே வைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்திருந்தது. எதிர் மலையின் ஒவ்வோர் இலையும் தெரிந்தது. தாத்தாவின் புகை நேராக எழும்பி, வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றது. பாயிஸா நெய்ச்சோறு ஆக்கினாள். கறுவாக் குச்சியைக் கையில் எடுத்தாள், முகர்ந்தாள், வைத்துவிட்டாள். அன்றிரவு கனவில் அந்தப் பெண் வரவே இல்லை. பள்ளத்தாக்கு மட்டும் வந்தது, வெறுமையாக.

சனிக்கிழமை காலை மறுபடியும் மூடுபனி. ஓடையும் பாலமும் பாலுக்குள் முங்கிக் கிடந்தன. பாயிஸா படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூடுபனிக்குள் ஏதோ அசைந்தது. வெள்ளை முக்காடு ஒன்று பாலம் இருக்கும் இடத்திலிருந்து மேலே ஏறி வந்தது. கால் தெரியவில்லை. காற்றில் மிதந்து வருவதைப் போல வந்தது. என் புகைதான் திரும்பி வருகிறது என்று பாயிஸா நினைத்தாள். கையிலிருந்த சுளகு சரிந்து அரிசி படியெல்லாம் உருண்டது.

புகைக்கு முழங்கால் நோகாதே. இது நொண்டி நொண்டி வந்தது. பின்னால் ரிப்கா, துணியால் கட்டிய ஒரு பெரிய சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மஸீனா படியில் கால் வைத்தாள். ஒரு படி. இரண்டு படி. மூன்றாம் படியில் தங்கச்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"இன்னா லில்லாஹி... ஹபீல் மச்சான் எப்ப மௌத்தானாரு? ஏன்டீ எனக்குச் சொல்லி அனுப்பல்ல?"

பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தோள், அந்த வியர்வை மணம். வேறொன்றும் அவள் மூளைக்குள் போகவில்லை. அந்த நேரம் பார்த்து, வாயில் பல் துலக்கும் பிரஷோடு, வீட்டுக்குப் பின்னாலிருந்து ஹபீல் வந்தான்.

"யாரு மௌத்து?" என்றான், நுரையோடு.

ரிப்கா பானையைக் கீழே போடாமல் பிடித்ததே பெரிய விஷயம். மஸீனா அவனை மேலும் கீழும் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள், இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று.

"அப்ப யாரு?"

"ஒருத்தரும் இல்ல தாத்தா."

"ஏன்டி, அப்ப பொக எங்க?"

அவ்வளவுதான் செல்லங்களே. அந்த ஒரு கேள்விக்காகத்தான் பாயிஸா பதினொரு வருஷம் காத்திருந்தாள். அவள் படியிலேயே உட்கார்ந்து, அரிசியின் மேலே உட்கார்ந்து, அழுதாள். மஸீனா அவளுக்குப் பக்கத்தில் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கோபமும் மூச்சிரைப்புமாகப் பேசினாள்.

"வியாழன் பாத்தேன், மப்பு மூடி ஈந்திச்சி. சரி என்டு விட்டேன். வெள்ளி சுபஹுக்குப் பாத்தேன், பொக இல்ல. ஜும்ஆ நேரம் பாத்தேன், இல்ல. வெள்ளிக்கெழம கறுவாப் பொக போடாம நீ எப்ப ஈந்த? அடுப்பு மூட்டாத ஊடு என்ன ஊடு? மௌத்து ஊடுதானே. கரண்டும் இல்ல, பள்ளிவாசல்ல மௌத்துச் சொல்ற ஸ்பீக்கரும் இல்ல, போன்ல சார்ஜும் இல்ல. யாருக்கிட்டக் கேக்கிறது? போன தரம் மாதிரி இந்தத் தரமும் எனக்குச் சொல்ல மாட்டீங்க என்டு நெனச்சேன். இந்தத் தரம் பிந்தப்படாது என்டு ராவோட அரிசி ஊறவெச்சி..."

மௌத்து வீட்டில் அடுப்பெரிக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டாரும் சொந்தக்காரரும்தான் மூன்று நாளைக்குச் சோறு கொண்டுபோவார்கள். அது உங்களுக்கும் தெரிந்ததுதானே. அந்தச் சோறுதான் ரிப்காவின் இடுப்பிலிருந்த பானையில் இருந்தது.

பாயிஸா தாத்தாவைக் கைபிடித்துக் குசினிக்குள் கூட்டிப் போனாள். புது அடுப்பைக் காட்டினாள். மஸீனா குனிந்து, அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இதுதானா?"

"இதுதான். எனக்கு இழுப்புத் தாத்தா. டொக்டர் பொக ஆகாது என்டுட்டாரு."

"எனக்கு யாரு சொன்ன ஒனக்கு இழுப்பு என்டு? பொகயில அது எழுதி ஈந்திச்சா?" மஸீனா தங்கச்சியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போது பாயிஸா, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"உம்மா கடைசிக் காலத்துல இந்தக் கதவத் தொறந்து வெக்கச் சொல்லுவாங்க. மஸீனாட கூரயில பொக வருதா என்டு ஒவ்வொரு நாளும் கேப்பாங்க. கண்ணு தெரியாமப் போன பொறகும் கேட்டாங்க. மௌத்தான அண்டக்கிக் காலையிலயும் கேட்டாங்க. நீங்க புத்தளத்துல. பொக இல்ல. நான் வருது உம்மா என்டு சொன்னேன். நேரா வருதா என்டாங்க. நேரா வருது என்டேன். சிரிச்சிட்டுக் கண்ண மூடிட்டாங்க. ஒங்கட பேரச் சொல்லி உம்மாக்குக் கடைசியாப் பொய் சொன்னவ எந்த மொகத்தோட ஒங்களுக்காகக் காத்து நிக்கச் சொல்றது என்டு, அதான் தாத்தா நான் ஒரு சொல்லும் சொல்லல்ல."

மஸீனா பின்வாசலில் நின்று தன் வீட்டுப் பலா மரங்களைப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து தன் கூரையை அவள் பார்த்தது பதினொரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. அணைக்காமல் விட்டு வந்த அடுப்பிலிருந்து ஒரு நூல் புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

"பொய்யில்ல புள்ள," என்றாள். "நேராத்தான் வருது."

பிறகு எல்லோரும் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள். "தன்ட மௌத்துச் சோத்தத் தானே திண்ட ஆள் இந்த ஊருல நான் ஒருத்தன்தான்," என்று ஹபீல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது மஸீனா படியில் நின்று யோசித்தாள்.

"மௌத்துக்குத்தான் வருவேன் என்டு சொன்னேன். சொன்ன சொல்ல மாத்தினவ இல்ல நான்."

பாயிஸாவின் முகம் விழுந்தது.

"ஒன்ட பொக மௌத்தாப் போச்சே," என்றாள் மஸீனா. "மூணு நாளைக்குச் சோறு கொண்டு வரணும். நாளைக்கும் வருவேன். ஏழாம் நாளுக்கும் வரணும். நாப்பதுக்கும் வரணும்."

வந்தாள். மூன்றுக்கு வந்தாள், ஏழுக்கு வந்தாள். இடையில் கணக்கில்லாமலும் வந்தாள். அவள் வராத நாள் இவள் போனாள். பாலத்தில் மரப்பலகை தேய்ந்தது. நாற்பதாம் நாள் அவள் வரவில்லை. பாயிஸா பயந்துபோய் ஓடையைக் கடந்து ஓடினாள். அங்கே மஸீனாவின் குசினியில், முழங்கை வரைக்கும் களிமண்ணோடு நிரஞ்சனி உட்கார்ந்திருந்தாள்.

"இந்த அடுப்ப ஏன்க்கா எடுக்கிறீங்கன்னு கேட்டேன்," என்று நிரஞ்சனி, சங்கத்துக்கு நிரப்பும் கடதாசியைக் காட்டிச் சிரித்தாள். "அவங்க சொன்னத அப்படியே எழுதியிருக்கேன். பொக இருந்தா சோம்பேறித்தனம் வருதாம். நடந்துபோயிப் பாக்க மாட்டாங்களாம்."

இப்போது அந்த இரண்டு கூரைகளுக்கு மேலேயும் புகை இல்லை. மிளகுக்குள்ளே விறகுக்காக வெட்டப்படாத கிளிரிசீடியா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. பாயிஸாவின் கனவில் வந்த இரண்டு முக்காடுகளையும் பாலத்தில் பட்டப்பகலில் பார்க்கலாம். ஒற்றை ஆள் பாலமாகையால் ஒருத்தி கடக்கும்வரை மற்றவள் காத்து நிற்பாள்.

சரி செல்லங்களே, எழும்புங்கள். மழையும் விட்டுவிட்டது. உங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாமல் இருக்கட்டும். அதன் சூடு பானைக்குப் போகட்டும், புகை உங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குப் போகாதிருக்கட்டும். மழை தன் நாள் தெரிந்து உங்கள் முற்றத்துக்கு வரட்டும். உங்கள் கூரையைக் காலையில் ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிற கண் எந்த மலையிலாவது இருக்கட்டும். அந்தக் கண்ணுக்கு உரியவர் பிந்தாமல் உங்கள் படி ஏறி வரட்டும்.